காரங்காட்டுச் சேற்றில் நின்றது எந்தக் கோட்டான்?

கேள்வி: 2025 ஆகஸ்ட் 17, ஞாயிறு

காரங்காட்டில் அலையாத்திக் காடு முடிந்து சேறு தொடங்கும் இடத்தில் இன்று காலை இரண்டு பறவைகளைப் பார்த்தேன். கோழி அளவு, மண் நிறம், நீண்ட கால், கீழ்நோக்கி வளைந்த மூக்கு. ஒன்றுக்கு மூக்கு மிக நீளம், மற்றதற்கு அவ்வளவு இல்லை. உடன் வந்தவர் ‘கோட்டான்’ என்றார். கோட்டான் என்றால் ஆந்தையல்லவா? இன்னொன்று. ஜூன் மாதமும் இதே இடத்தில் இதைப் பார்த்திருக்கிறேன். வலசைப் பறவைக்கு ஜூனில் இங்கே என்ன வேலை? இது இங்கேயே முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிறது என்பது என் கட்சி. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

(தொண்டியிலிருந்து ஒரு வாசகர்)

ஆகஸ்ட் 17, இரவு

ஆந்தையையும் கோட்டான் என்கிறோம், இதையும் கோட்டான் என்கிறோம். பெயரைப் பிறகு பார்க்கலாம்.

நம் கரைக்கு இரண்டு கோட்டான்கள் வருகின்றன. பெரிய கோட்டானின் உடல் 50 முதல் 60 செ.மீ. இருக்கும். சின்னக் கோட்டான் 40 செ.மீ.யைக் கொஞ்சம் தாண்டும். நீங்கள் பார்த்த நீள மூக்குப் பறவை பெரியது, குட்டை மூக்குப் பறவை சின்னது. இரண்டும் ஒரே சேற்றில் மேய்வதுண்டு. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆகஸ்ட் 19

இங்கே முட்டையிடுகிறது என்ற கட்சியை ஏற்க முடியாது. பெரிய கோட்டான் கூடு வைக்கும் நாடு ஐரோப்பாவின் புல்வெளிகளில் தொடங்கி ரஷ்யா, கஜகஸ்தான் வழியாக சைபீரியா வரை நீள்கிறது. தரையில் ஒரு சிறு குழி, அதில் காய்ந்த புல், பெரும்பாலும் நான்கு முட்டைகள். ஆணும் பெண்ணும் மாறி மாறி ஏறத்தாழ நான்கு வாரம் அடைகாக்கும். குஞ்சு பொரித்த சில நாள்களிலேயே பெண் கிளம்பிவிடும். குஞ்சுகளுக்குச் சிறகு முளைத்துப் பறக்கும் வரை, அதாவது இன்னும் ஐந்து வாரமளவு, காவல் நிற்பது தகப்பன்தான். ஆடி முடிவதற்குள் நம் சேற்றில் கோட்டான் இறங்குவதன் காரணம் இதுதான். ஊரை முதலில் விட்டவை முதலில் வந்து சேர்கின்றன.

ஜூனில் பார்த்தது பொய்யில்லை. கோட்டான் பிறந்த மறு வருடமே கூடு வைப்பதில்லை, குறைந்தது இரண்டு வயதாக வேண்டும். அதனால் போன வருடத்துக் குஞ்சுகளில் பல, முதல் கோடையில் ஊர் திரும்பாமல் இங்கேயே தங்கிவிடும். திரும்பிப் போய் அவற்றுக்கு ஆக வேண்டியது எதுவுமில்லை. வைகாசி, ஆனி வெயிலில் தனியாகத் திரியும் கோட்டானைப் பார்த்தால் அது இளம்பறவை என்று எடுத்துக்கொள்ளலாம். நம் கரையில் அதன் கூட்டை யாரும் பார்த்ததில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

நேற்று அமாவாசை. கடல் நன்றாக வற்றும் என்று கணக்குப் போட்டு, ராமநாதபுரத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்துக் காரங்காடு போனேன். பதினேழாம் தேதி எழுதியதைத் திருத்த வேண்டியிருக்கிறது.

படகுச் சவாரி தொடங்குவதற்கு முன்பே கரையில் இருந்தேன். நண்டு வலையைப் பிரித்துக்கொண்டிருந்த பெரியவரிடம், “அண்ணே, கோட்டான் எந்தப் பக்கம் நிற்கிறது?” என்று கேட்டேன். தலையை நிமிர்த்தாமலே வடக்கே கைகாட்டினார். அரை மணி நேரம் கண்டல் வேர்களுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். அதே இரண்டு பறவைகள், வாசகர் சொன்ன அதே இடம்.

இரண்டும் ஏறத்தாழ ஒரே உயரம். சின்னக் கோட்டானுக்கு உச்சந்தலையின் நடுவே வெளிர்க்கோடு ஒன்றும், அதன் இரு பக்கமும் கருத்த பட்டைகளும் தெளிவாக இருக்க வேண்டும். குட்டை மூக்குப் பறவை எனக்கு முகம் காட்டித் தலையைக் குனிந்தபோது உச்சி முழுக்கப் பார்த்தேன். கோடு இல்லை. மூக்கும் அடியிலிருந்தே சீராக வளைந்து இறங்கியது. சின்னக் கோட்டானின் மூக்கு பாதி தூரம் ஏறக்குறைய நேராக வந்து, நுனிப் பக்கம் சட்டென்று மடங்கும்.

அப்படியானால் இரண்டுமே பெரிய கோட்டான். மூக்கு ஏன் இப்படி வேறுபடுகிறது? கோட்டானில் பெண்ணுக்குத்தான் உடலும் பெரிது, மூக்கும் நீளம். பெண்ணின் மூக்கு 15 செ.மீ.யையும் தாண்டிப் போகும், ஆணின் மூக்கு பத்துப் பன்னிரண்டிலேயே நின்றுவிடுவதுண்டு. இந்த வருடத்துக் குஞ்சாக இருந்தால் மூக்கு இன்னும் வளர்ந்து முடிந்திருக்காது. இது ஆணா குஞ்சா என்று அந்தத் தூரத்திலிருந்து சொல்ல முடியவில்லை. சின்னக் கோட்டான் இல்லை என்று மட்டும் உறுதியாகச் சொல்வேன். பறவையைப் பார்க்காமல், மூக்கின் நீளத்தைக் காதால் கேட்டே தீர்ப்பு எழுதியது என் தவறு.

எழுந்து நடந்தபோது இரண்டும் பறந்தன. முதுகின் கீழ்ப்பகுதியில் வெள்ளை, முதுகுக்குள் ஆப்பு அடித்தது போல ஏறியது. இதை வைத்தும் முடிவு கட்டாதீர்கள், சின்னக் கோட்டானிலும் நம் கரைக்கு வருபவற்றில் பலவற்றுக்கு இந்த வெள்ளை உண்டு. திரும்பி வரும்போது பெரியவர் கேட்டார்: “தம்பி, அது கத்தியதா?” கத்தியது என்றேன். “பிறகு மூக்கை எதற்கு அளக்கிறீர்கள்?”

ஆகஸ்ட் 25

பெரியவர் சொன்னதுதான் நேர்வழி. பெரிய கோட்டான் ‘கூ...ர்லீ, கூ...ர்லீ’ என்று இழுத்து, கடைசியில் குரலை மேலே தூக்கும். சின்னக் கோட்டானின் குரலில் இழுப்பே கிடையாது. ஒரே சுருதியில் ‘டிடிடிடிடிடிடி’ என்று ஏழெட்டு முறை விரைவாகக் கொட்டும். கண் மங்கியவர்களுக்கும் இது போதும்.

செப்டம்பர் 7

பெயர் விவகாரம். மூன்று கடிதங்கள் வந்திருக்கின்றன.

முதல் கடிதம், கோட்டான் என்ற பெயரே தவறு, ‘வளைமூக்கன்’ என்று மாற்ற வேண்டும் என்கிறது. எனக்கு உடன்பாடில்லை. பறவை நூல்களிலேயே இதற்குக் ‘குதிரைமலைக் கோட்டான்’ என்று ஒரு பெயர் உண்டு. குதிரைமலை எதிர்க்கரையில், இலங்கையின் வடமேற்கில், மன்னார் வளைகுடாவைப் பார்த்து நிற்கும் முனை. நமக்கும் அவர்களுக்கும் பொதுவான கடலின் ஒரு முனை இந்தப் பறவையின் பெயரில் ஒட்டியிருக்கிறது. அதை அழித்துவிட்டு மூக்கு வளைந்தது என்று மட்டும் சொல்வானேன்? மூக்கு வளைந்த பறவைகள் பத்து இருக்கின்றன.

இரண்டாவது, கோட்டான் என்பது ‘கோடு’ என்ற சொல்லிலிருந்து வந்ததா என்று கேட்கிறது. கோடுதல் என்றால் வளைதல். கோட்டம், கோணல் எல்லாம் அந்தக் குடும்பம். கோடிய மூக்குள்ளது கோட்டான் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. சொல் பொருந்துகிறது என்பதற்காக வரலாறு பொருந்திவிடாது. ஊகமாகவே வைத்துக்கொள்வோம்.

மூன்றாவது கடிதத்தை எழுதியவர் தமிழாசிரியர். சங்கப் பாடல்களின் அன்றில்தான் இந்தக் கோட்டான் என்கிறார், வளைந்த அலகைச் சான்று காட்டுகிறார். மதித்தே மறுக்கிறேன். சங்கப் புலவர் அன்றிலுக்கு இறாலைப் போல் வளைந்த வாயைச் சொன்ன அதே மூச்சில் நெருப்பைப் போன்ற செந்தலையையும் சொல்கிறார். கோட்டானின் தலையில் சிவப்பு ஒரு புள்ளிகூட இல்லை. அன்றில் பனைமரத்தில் கூடு கட்டித் துணையோடு இருக்கும் பறவை, கோட்டானோ நம் நாட்டில் கூடே கட்டுவதில்லை. உச்சந்தலையில் சிவந்த தோலும் வளைந்த மூக்கும் கொண்டு, பனையிலும் கூடு வைக்கும் கருநிற அரிவாள் மூக்கனை அன்றில் என்று அறிஞர்கள் பலர் கொள்வது இதனால்தான். நான் அவர்கள் பக்கம்.

செப்டம்பர் 8

நேற்றைய கோடு விளக்கத்தின் மேல் ஒரு மறுசிந்தனை. கிரகணம் பார்க்கத் தொண்டி வீட்டு மாடியில் நள்ளிரவு வரை இருந்தோம். நிலா செம்பு நிறமாகிக் கரை இருண்டபோது கடற்பக்கம் ஒரு கோட்டான் குரல் கொடுத்தது. உடம்பு ஒரு கணம் சிலிர்த்தது. இந்தப் பறவைக்கு இரவும் பகலும் வேறில்லை, நீர் வற்றினால் இருட்டிலும் மேயும், வலசையும் பெரும்பாலும் இரவில்தான். இருட்டில் ஊர் கேட்டது குரலை மட்டும். உருவம் தெரியாத இராக்குரலுக்கெல்லாம் ஒரே பெயர் வைத்திருக்கலாம் அல்லவா? அப்படியென்றால் மூக்குக்கும் பெயருக்கும் சம்பந்தமே இல்லாமல் போகலாம்.

செப்டம்பர் 21

மகாளய அமாவாசை. தேவிபட்டினத்தில் நவபாஷாணத்தைச் சுற்றிக் கால் வைக்க இடமில்லை. கூட்டத்தை விட்டு வடக்கே இரண்டு கிலோமீட்டர் நடந்து, ஆளில்லாத சேற்று விளிம்பில் உட்கார்ந்தேன். ஒரே ஒரு பெண் கோட்டான். நாற்பது நிமிடம் அதை மட்டும் பார்த்தேன்.

அது அவசரப்படுவதில்லை. ஐந்தாறு அடி நடக்கும், நிற்கும், மூக்கின் நுனியைச் சேற்றில் இலேசாகத் தொட்டு எடுக்கும். நான்காவது அல்லது ஐந்தாவது தொடுதலில் தலையைச் சாய்த்து மூக்கை உள்ளே செலுத்தும், சில நேரம் கண் வரைக்கும். வளைந்த மூக்கு இங்கேதான் உதவுகிறது. சேற்றுக்குள் இருக்கும் நண்டு வளையும் புழு வளையும் நேராக இறங்குவதில்லை. தலையை ஒரு பக்கம் திருப்பினால் மூக்கின் வளைவு வளையின் வளைவோடு போய்விடுகிறது. நுனியில் தொடு நரம்புகள் நெருக்கமாக அமைந்திருப்பதால் இரையைக் கண்ணால் பார்க்கத் தேவையே இல்லை. அது மட்டுமல்ல, மூக்கு முழுவதையும் பிளக்காமல் நுனியை மட்டும் திறந்து கவ்வ முடியும். மேல் அலகின் நுனி தனியாக அசையும். சேற்றின் அழுத்தத்தில் முழு வாயையும் திறப்பது எவ்வளவு சிரமம் என்று கையை விட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பதினேழாவது நிமிடத்தில் ஒரு நண்டு. உள்ளங்கையில் அடங்கும் அளவு. காலைப் பிடித்து உதறியது, ஒரு கால் கழன்றது. மறுபடி கீழே போட்டு, மறுபடி பிடித்து, மறுபடி உதறல். கொடுக்குகளும் கால்களும் போனபின் ஓட்டோடு உடம்பைத் தூக்கி எறிந்து தொண்டைக்குள் வாங்கியது. கழன்ற கால்களில் இரண்டைத் திரும்பி வந்து பொறுக்கியது. அதற்காகவே காத்திருந்தது போல ஒரு கடற்காகம் ஓடி வந்து மூன்றாவதை எடுத்துக்கொண்டது. செரிக்காத ஓட்டுத் துண்டுகளைக் கோட்டான் பிறகு உருண்டையாகக் கக்கிவிடும். கரைமேட்டில் அத்தகைய உருண்டை ஒன்றைக் கண்டேன். உடைத்துப் பார்த்தால் நண்டின் ஓடும் மணலும்.

இந்தக் கடலில் ஏற்றவற்றம் சிறியது, ஒரு மீட்டர்கூட இல்லை. குஜராத் கரையைப் போல மைல் கணக்கில் சேறு திறக்காது. கிடைப்பது சில மணி நேரமும் ஒரு குறுகிய விளிம்பும்தான். அந்த விளிம்பில் நாய் ஓடினாலும் பைக் ஓடினாலும் அன்றைய சாப்பாடு போய்விடுகிறது. நான் இருந்தபோதே இரண்டு பைக்குகள் ஈரமணலில் வந்தன. பறவை எழுந்து கடலுக்கு மேல் போய், நான் கிளம்பும் வரை திரும்பவில்லை. அந்தப் பையன்களுக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. நிறுத்திப் பேசினேன், காது கொடுத்துக் கேட்டார்கள். ஒருவன் தொலைநோக்கியை வாங்கித் தூரத்தில் நின்ற பூநாரைகளைப் பார்த்துவிட்டு, இவ்வளவு நாளாக அவற்றைப் பிளாஸ்டிக் பைகள் என்று நினைத்திருந்ததாகச் சொன்னான்.

அக்டோபர் 12

வேறு எதையோ எழுத உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை.

மெல்லிய மூக்குக் கோட்டான் பூண்டோடு அழிந்துவிட்டது என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் தன் செம்பட்டியலில் அறிவித்துவிட்டது. நம் கோட்டானின் நெருங்கிய உறவு. சைபீரியாவில் கூடு வைத்து, மத்தியதரைக் கடலோரத்தில் பனிக்காலத்தைக் கழித்த பறவை. மொராக்கோவின் மெர்ஜா செர்கா கழிமுகத்தில் 1995 பிப்ரவரியில் பார்த்ததுதான் ஐயமற்ற கடைசிப் பார்வை. அதன் கூட்டை அறிஞர்கள் கண்டதே தாரா என்ற சைபீரிய ஊரைச் சுற்றி, அதுவும் நூறு வருடத்துக்கு முன்னால். எங்கே முட்டையிடுகிறது என்று சரியாகத் தெரிந்துகொள்வதற்குள் பறவை போய்விட்டது. சதுப்புகள் உழவு நிலமாயின, வழியெங்கும் துப்பாக்கிகள் காத்திருந்தன.

அமெரிக்கக் கண்டத்தில் எஸ்கிமோ கோட்டான் என்று ஒன்று இருந்தது. வானத்தை மறைக்கும் கூட்டமாகப் பறந்தது. 1963க்குப் பிறகு உறுதியான தகவல் இல்லை.

உலகில் கோட்டான் இனம் எட்டு என்று படித்தேன். இப்போது ஆறு என்றுதான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

அக்டோபர் 13

நம்முடையதும் அழிவின் விளிம்பிலா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அந்த அளவுக்கு இல்லை. 2008 முதல் ‘அச்சுறுத்தலுக்கு அண்மையில்’ என்ற வகையில் இருக்கிறது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் கூடு வைப்பவை வேகமாகக் குறைந்துவிட்டன. குறைவது கூடு வைக்கும் இடத்தில்தான், நாம் என்ன செய்ய முடியும் என்ற அடுத்த கேள்விக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். ஆகஸ்டில் வந்து ஏப்ரலில் போகும் பறவை வருடத்தில் எட்டு மாதம் இங்கே இருக்கிறது. காலில் அடையாள வளையமிட்ட கோட்டான் ஒன்று முப்பது வயதைத் தாண்டியும் வாழ்ந்திருக்கிறது. அத்தகைய பறவை இங்கே வருவதாக வைத்துக்கொண்டால், அதன் வாழ்நாளில் இருபது வருடம் நம் ஊர்ச் சேற்றில். யார் நாட்டுப் பறவை என்று நீங்களே சொல்லுங்கள்.

தொண்டி வாசகரே, ‘இது நம் ஊர்ப் பறவை’ என்ற உங்கள் கட்சியை முட்டை விஷயத்தில் மறுத்தேன். மற்றபடி நீங்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

நவம்பர் 9

தனுஷ்கோடியில் கோட்டான் உண்டா என்ற கேள்விக்குச் சுருக்கமாக: உண்டு. கோதண்டராமர் கோவிலைச் சுற்றிய கழியில் பாருங்கள். அந்தப் பகுதியில் ஏறத்தாழ 525 ஹெக்டேரை இந்த ஜூனில் பெரும்பூநாரைச் சரணாலயமாக அரசு அறிவித்திருக்கிறது. பெயர் பூநாரைக்கு, பாதுகாப்பு அங்கே இறங்கும் உள்ளான், கோட்டான் எல்லாவற்றுக்கும். சாலையிலிருந்தே பாருங்கள். கழிக்குள் இறங்கிப் பறக்கவைத்துப் படம் எடுக்க வேண்டாம்.

டிசம்பர் 14

ஐப்பசியும் கார்த்திகையும் இந்தக் கடலில் நீர்மட்டமே உயர்ந்து நிற்கும், வாடையும் சேர்ந்து தள்ளும். வற்றும் நேரத்திலும் சேறு சரியாகத் திறக்காது. இரண்டு முறை காரங்காடு போய் வெறுங்கையோடு திரும்பினேன். மூன்றாம் முறை, இன்று, கண்டலுக்குப் பின்னால் மழைநீர் தேங்கிய தரிசில் குட்டை மூக்குப் பறவை நின்றது. அதே பறவைதானா என்று சத்தியம் செய்ய மாட்டேன். கோட்டான் வருடா வருடம் பழகிய இடத்துக்கே திரும்பும் பறவை என்பதால் நம்ப விரும்புகிறேன். ஆகஸ்டில் விட்ட கேள்விக்கும் பாதி பதில் கிடைத்தது. குஞ்சாக இருந்தால் நான்கு மாதத்தில் மூக்கு நீண்டிருக்க வேண்டும், நீளவில்லை. ஆண் என்றே நினைக்கிறேன். மூக்குக் குட்டையான ஆண்கள் ஆழமான சேற்றை விட்டு வயலுக்கும் புல்தரைக்கும் போய் மேய்வதை ஐரோப்பாவில் கவனித்திருக்கிறார்கள். அதுவும் இதோடு ஒத்துப்போகிறது.

மாலையில் தொண்டி வீட்டில் அம்மாவிடம் கோட்டான் குரலைச் சீட்டியடித்துக் காட்டினேன். அம்மா உடனே சொன்னார்: “இது கத்தினால் உன் அப்பத்தா ஜன்னலைச் சாத்தச் சொல்வார்கள். ஆந்தை கடலுக்கு மேலே போகிறது என்பார்கள்.” எங்கள் வீட்டில் ஒருவராவது இரண்டு குரலையும் ஒன்றாகத்தான் கேட்டிருக்கிறார். செப்டம்பர் 8 அன்று எழுதிய ஊகத்துக்கு இது ஒரு சாட்சி. ஒரு வீட்டுச் சாட்சி மட்டுமே. உங்கள் வீடுகளில் பெரியவர்கள் இருந்தால் கேட்டு எழுதுங்கள், ஊரின் பெயரையும் சேர்த்து.

தொண்டி வாசகருக்கு: வரும் வெள்ளி அமாவாசை. அன்று இயலாவிட்டால் ஞாயிறு விடியலில் காரங்காடு படகுத்துறையில் இருப்பேன். வெள்ளைச் சட்டை வேண்டாம். நண்டு வலைக்காரப் பெரியவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.